விராலுக்கு வீசும் தூண்டில்: ஆம்பூர்ப் பக்கத்து ஞாயிற்றுக்கிழமைக் குறிப்புகள்

யூடியூபில் அமெரிக்கக்காரர் பாஸ் மீன் பிடிப்பதைப் பார்த்துவிட்டு, மறுவாரமே ராடும் ரீலும் வாங்கிக்கொண்டு ஏரிக்கரைக்கு வந்து நிற்கும் பையன்கள் ஆம்பூர், பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் இப்போது நிறைய. பாஸ் மீன் நம் ஏரிகளில் கிடையாது. அதன் வேலையை இங்கே பார்ப்பது விரால். செடிக்குள் பதுங்கும், தவளையைக் கண்டால் பாயும், முள்ளில் மாட்டினால் நேரே பாசிக்குள் இழுத்துக்கொண்டு போகும். அதனால் அந்த வீடியோக்களில் பாதி நமக்கும் ஆகும். மீதிப் பாதிக்கு வேண்டியது நம் செருப்புக் கம்பெனித் தெருக்களிலேயே கிடைக்கிறது.

1. ராடு வாங்கும் முன் தண்ணீரைத் தேர்ந்தெடுங்கள். இந்தப் பட்டியலில் ஒன்றைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். தோல் பதனிடும் ஷாப்புக் கழிவு பாலாற்றையும் அதன் கரை நிலத்தையும் என்ன செய்தது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கில் தந்த தீர்ப்பிலேயே, தோல் தொழில் பட்டையில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனது என்று வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையத்தின் கணக்கு இருக்கிறது. அதற்குப் பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன, நிலைமை கொஞ்சம் மாறியது. ஆனாலும் ஊருக்குள் ஓடும் கால்வாய் எந்த ஏரியில் போய் விழுகிறதோ, அந்த ஏரி மீனை நான் வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை. குரோமியம் போன்ற உலோகங்கள் மீனின் ஈரல், சிறுநீரகம், செவுள் இவற்றில் அதிகம் தங்கும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் உலோகம் போகாது. தண்ணீர் நுரைத்துக் கிடந்தால், காப்பி நிறத்தில் இருந்தால், கரையில் செத்த மீன் ஒதுங்கியிருந்தால், வண்டியைத் திருப்பிவிடுங்கள். மலையடிவாரத் தண்ணீர் நல்லது. குடியாத்தத்துக்கு மேலே கௌண்டின்ய ஆற்றில் மோர்தானா, திருப்பத்தூர்ப் பக்கம் ஆண்டியப்பனூர் ஓடை அணை, இவையெல்லாம் ஷாப்புகளுக்கு மேட்டில் இருப்பவை. சந்தேகமான ஏரியில் ஆசைக்குப் பிடிக்கிறீர்களா, பிடியுங்கள், விட்டுவிடுங்கள்.

2. ஏரி ஊருக்குப் பொது, மீன் பொது இல்லை. பெரும்பாலான ஏரிகளில் மீன் பாசி ஏலத்திலோ குத்தகையிலோ போயிருக்கும். குத்தகைக்காரர்தான் குஞ்சு வாங்கி விட்டிருப்பார். கட்லா, ரோகு, மிர்கால் அவர் போட்ட முதல். விராலும் குறவையும் தானாக வந்தவை என்று நாம் வாதாடலாம், ஆனால் கரையில் அந்த வாதம் எடுபடாது. முதலில் காவலுக்கு இருப்பவரிடம் போய் நில்லுங்கள். ஒரு பாயிடம் நான் அப்படிப் போய் நின்றபோது, கையிலிருந்த ரப்பர் தவளையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா தம்பி, இத்த துன்னுமா அது?"

"துன்னாது பாய், கடிக்கும்."

"செரி, அந்த மதகாண்ட போ. கெண்டய தொடாத."

அன்றிலிருந்து அந்த ஏரியில் எனக்கு மதகு ஓரம் நிரந்தர இடம். இன்னொன்று: வெடி போடுவதும் தண்ணீரில் விஷம் கலப்பதும் 1897-ம் ஆண்டு மீன்வளச் சட்டத்திலிருந்தே குற்றம். பக்கத்தில் யாராவது கரண்டு ஒயரைத் தண்ணீரில் விட்டு மீன் பிடிக்கிறார்கள் என்று தெரிந்தால், அங்கே ஒரு நிமிஷமும் நிற்காதீர்கள்.

3. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிரம்பி, தை பிறந்து தண்ணீர் தெளியும்போது நம் காலம் தொடங்குகிறது. பங்குனி வரை நன்றாக இருக்கும். அக்னி நட்சத்திரத்தில் வேலூர் வெயிலுக்கு மனுஷனே நிழல் தேடுவான், மீனும் தேடும். அப்போது விடியற்காலை 1 மணி நேரம், பொழுது சாயும்போது 1 மணி நேரம், அவ்வளவுதான்.

4. விராலைத் தேட மெஷின் வேண்டாம், கண் போதும். அதற்குச் செவுள் மட்டும் பத்தாது, மேலே வந்து காற்றை விழுங்கியாக வேண்டும். அல்லி இலைகளுக்கு நடுவே 'ப்ளக்' என்று ஒரு சத்தமும், வட்டமாக ஓர் அலையும் தெரியும். பத்துப் பதினைந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்து எண்ணுங்கள். ஒரே இடத்தில் மறுபடியும் வந்தால் அதன் வீடு அங்கேதான். நேரே அதன் தலையில் போடாமல், 5, 6 அடி தள்ளிப் போட்டு அந்தப் பக்கமாக இழுத்துவாருங்கள்.

5. தலைப்பிரட்டை மாதிரி சிவந்த குஞ்சுகள் ஒரு கூட்டமாக மேலே கொதித்துக்கொண்டிருந்தால், கீழே தாயும் தகப்பனும் காவலுக்கு நிற்கும். அங்கே எதைப் போட்டாலும் பாயும். பசியால் அல்ல, கோபத்தால். சுலபமாகக் கிடைக்கும் மீன் அது. அதைப் பிடிக்காதீர்கள். தாய் தகப்பன் போனால் பத்து நிமிஷத்தில் ஜிலேபியும் குறவையும் அந்தக் குஞ்சுகளை முடித்துவிடும்.

6. முதல் ராடு 7 அடி, கொஞ்சம் விறைப்பானது, 3000 அளவு ஸ்பின்னிங் ரீல். இது போதும். பாஸ் பிடிப்பவர்கள் கட்டைவிரலால் அடக்கும் பெயிட்காஸ்டிங் ரீல் பார்க்க அழகு. பழகுவதற்குள் நூல் குருவிக்கூடு கட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சிக்கெடுப்பதிலேயே போய்விடும்.

7. நைலான் நரம்பு கெண்டைக்கும் ஜிலேபிக்கும் சரி. விராலுக்குப் பின்னல் நூல், அதாவது பிரெய்டு, 30 முதல் 50 பவுண்டு வரை. நைலான் ரப்பர் மாதிரி நீளும். மீன் கடித்ததும் நாம் இழுக்கிற இழுப்பு நரம்பிலேயே கரைந்துபோகும், முள் அந்தக் கட்டியான வாயில் ஏறாது. பிரெய்டு நீளாது, பாசித் தண்டையும் அறுத்துக்கொண்டு வரும். ஒரு குறை: வழவழப்பு. ரீலில் நேரே சுற்றினால் மொத்தச் சுற்றும் உள்ளுக்குள் வழுக்கிச் சுற்றும். முதலில் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டி அதன்மேல் சுற்றுங்கள், அல்லது பத்தடி நைலான் சுற்றிவிட்டுப் பிறகு பிரெய்டைக் கட்டுங்கள்.

8. முடிச்சு ஒன்றே ஒன்று தெரிந்தால் போதும். நூலை இரட்டையாக மடித்து முள்ளின் காதில் நுழையுங்கள். அந்த இரட்டை நூலாலேயே தளர்வாக ஒரு சாதாரண முடிச்சுப் போடுங்கள். மீந்திருக்கும் வளையத்துக்குள் முள்ளை முழுதாக நுழைத்து வெளியே எடுங்கள். எச்சில் தொட்டு ஈரமாக்கி மெதுவாக இறுக்குங்கள். காய்ந்த நூலை இறுக்கினால் உரசும் சூட்டில் முடிச்சு பலமிழக்கும்.

9. ரீலின் பிரேக் எவ்வளவு இறுக்கம் என்பதற்குத் தராசு தேடவேண்டாம். 2 லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டைச் சேர்த்துக் கட்டினால் 4 கிலோ. ராடில் கோக்காமல் ரீலிலிருந்து நேரே நூலை இழுத்துப் பாட்டிலில் கட்டித் தூக்குங்கள். பாட்டில் தரையை விட்டு எழும்பி, கொஞ்சம் கொஞ்சமாக நூல் விட்டால் சரியான அளவு. வீட்டுக்கு வந்ததும் பிரேக்கை முழுதாகத் தளர்த்திவையுங்கள், உள்ளே இருக்கும் வாஷர்கள் நசுங்காது.

10. ரப்பர் தவளை. இதைப் பற்றி மட்டும் ஒரு பக்கம் எழுதுவேன். உள்ளே காற்றடைத்த மெத்தென்ற உடம்பு. இரண்டு முள்ளும் முதுகோடு ஒட்டிப் படுத்திருப்பதால் செடியில் மாட்டாது. மீன் வாயை அழுத்தியதும் உடம்பு நசுங்கி முள் வெளியே வரும். கடையில் வாங்கியதும் செய்யவேண்டியவை சில. முள் முனைகளைத் துளி மேல்நோக்கிக் குறடால் நெம்புங்கள், ஒரு மயிரிழைதான், அதிகமானால் செடியை அள்ளும். பின்னால் தொங்கும் ரப்பர் கால்கள் நீளமாக இருந்தால் பாதியாக நறுக்குங்கள். நீளக் காலை மட்டும் கவ்வி ஏமாந்துபோகும் மீன்கள் உண்டு. நாலைந்து தடவை வீசியதும் உள்ளே தண்ணீர் ஏறிக் கனக்கும், எடுத்துப் பிழியுங்கள். முள் நுழையும் ஓட்டை பெரிதாகிவிட்டால், செருப்பின் அப்பர் ஒட்டுகிற ரப்பர் சொல்யூஷன் ஒரு பொட்டு வைத்து ஒரு ராத்திரி காயவிடுங்கள். நிறத்தைப் பற்றி ஆளுக்கொரு சித்தாந்தம். நான் கறுப்பு ஒன்று, பச்சை ஒன்று, இரண்டுக்கு மேல் வைத்துக்கொண்டதில்லை.

11. தவளையை இழுப்பது எப்படி? இலைமேல் போட்டு, தண்ணீருக்குள் 'தொப்' என்று விழவிட்டு, இரண்டு மூச்சு சும்மா விடுங்கள். பிறகு சின்னச் சின்னத் துள்ளல். விரால் பாய்ந்து தண்ணீர் சிதறியதும் கை தானாக இழுக்கும். இழுத்தால் தவளை உங்கள் முகத்துக்கே வரும், எனக்கு மூக்குக் கண்ணாடியில் வந்து அடித்திருக்கிறது. சிதறலைக் கண்டு இழுக்காதீர்கள். ராடு முனையைத் தாழ்த்தி, தொய்வைச் சுற்றி எடுத்து, மீனின் பாரம் கையில் தெரிந்த பிறகு ஒரே இழுப்பு. அதற்கப்புறம் இரக்கம் காட்டாதீர்கள், தலையைத் திருப்ப விட்டால் அது பாசிக்குள் போய்விடும்.

12. இனி நம் ஊர்ச் சரக்கு. ஒரு நண்பர் நல்ல மாட்டுத்தோலில் முள் வைக்க அழகான பை ஒன்று தைத்துக்கொடுத்தார். பூப்போட்ட தையல், பித்தளைப் பட்டன். மழைக்காலம் முடிந்து திறந்தால் 20 முள்ளும் துருப்பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும், பதனிட்ட உப்பும் அமிலமும் அதிலேயே இருக்கும். இரும்புச் சாமானுக்குத் தோல் உறை சுமந்துபோக மட்டும், வைத்திருக்க அல்ல. முள்ளெல்லாம் பிளாஸ்டிக் டப்பாவில், ஒரு பிடி அரிசியோடு. ஷூ பெட்டிக்குள் வரும் சிலிக்கா பொட்டலம் இந்த ஊரில் யாரிடம் கேட்டாலும் கிடைக்கும், அது அரிசியைவிட மேல்.

13. வெட்டுத் தோல் துண்டுக்கு வேறு நல்ல வேலை உண்டு. ஒரு சாண் நீளத் துண்டைச் சொரசொரப்புப் பக்கம் மேலே வரும்படி பலகையில் ஒட்டி, பித்தளை தேய்க்கும் பாலிஷைப் பூசுங்கள். மீன் கத்தியைச் சாணைக்கல்லில் தீட்டியபின் அதன்மேல் முதுகுப்பக்கமாக இழுத்து இழுத்துப் பத்துத் தடவை தடவினால், விரால் தோலில் அமுக்காமலே இறங்கும்.

14. ராடின் வளையம் கழன்றால் கடைக்கு ஓடவேண்டாம். அப்பர் தைக்கும் நைலான் நூலை நெருக்கமாகச் சுற்றி, நுனியை உள்ளே சொருகி இழுத்து, மேலே இரண்டைக் கலந்து ஒட்டும் எபாக்ஸிப் பசையை மெல்லப் பூசுங்கள். காயும்வரை ராடை உருட்டிக்கொண்டே இருங்கள், இல்லையென்றால் பசை ஒரு பக்கம் தொங்கும்.

15. ரீலுக்கு எண்ணெய் என்றால் தையல் மெஷின் எண்ணெய்தான், கைப்பிடி மூட்டிலும் நூல் ஓடும் உருளையிலும் ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். மார்கழி விடியலில் அது உறைந்து, ரீல் அம்மிக்கல் மாதிரி சுற்றும். பல்சக்கரத்துக்குக் கிரீஸ்.

16. ஏரிக்குப் போய்வந்ததும் சாமானை அலசச் சொல்வார்கள். நம் பக்கத்து போர் தண்ணீரில் அலசினால் வெள்ளை உப்புப் படிந்து, வளையமெல்லாம் அரம் மாதிரி ஆகிவிடும், நூல் அறுபடும். மழைத்தண்ணீர் பிடித்துவையுங்கள், இல்லாவிட்டால் கேன் தண்ணீரில் துணியை நனைத்துத் துடையுங்கள்.

17. தக்கைத் தூண்டில் போடுகிறவர்களைக் கேவலமாகப் பார்க்காதீர்கள். ஹென்றி சல்லிவன் தாமஸ் என்ற மதராஸ் சிவில் சர்வீஸ் அதிகாரி, நம் ஏரி குளங்களில் தூண்டில் போடுவதைப் பற்றியே 1887-ல் ஒரு தனிப் புத்தகம் எழுதினார். வேர்க்கடலைப் புண்ணாக்கை ராத்திரி ஊறவைத்து, தவிடும் மைதாவும் சேர்த்து, சப்பாத்தி மாவைவிட இறுக்கமாகப் பிசையுங்கள். கொஞ்சம் பஞ்சைப் பிய்த்துச் சேர்த்தால் தண்ணீரில் கரையாது. ஜிலேபிக்குப் பரோட்டாத் துண்டே போதும், அதன் நாக்கு அப்படி. கெளுத்திக்குக் கோழிக்குடல். பிரியாணிக் கடைகள் நிறைந்த ஊரில் அதற்குப் பஞ்சமில்லை, ஆனால் வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்துக் குடும்பத்தில் கலகம் உண்டாக்காதீர்கள்.

18. கெளுத்தி, தேளி இவற்றின் பக்கவாட்டு முள் குத்தினால் கடுக்கும் பாருங்கள், தேள் தோற்றது. குத்திய இடத்தைக் கை பொறுக்கும் சூட்டு வெந்நீரில் அரைமணி நேரமாவது முக்கிவையுங்கள், வலி இறங்கும். சூட்டை மறு கையால் பார்த்துக்கொள்ளுங்கள், குத்துப்பட்ட கைக்குச் சுரணை இருக்காது. இதற்காகவே என் பையில் டீ இல்லாத ஒரு ஃபிளாஸ்க். வீக்கம் ஏறினால், முனை உள்ளே முறிந்திருந்தால் ஆஸ்பத்திரி.

19. தூண்டில் முள் விரலில் ஏறினால் வந்த வழியே பிடுங்காதீர்கள், எதிர்முள் சதையைக் கிழிக்கும். நூலை வெட்டிவிட்டு அப்படியே டாக்டரிடம் போங்கள், டிடி ஊசியும் போட்டுக்கொள்ளுங்கள். புதிதாகப் பழகுகிற பிள்ளைகளின் முள்ளில் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிடுவது நல்லது. மீனை விடுவதும் சுலபம்.

20. படகு. அமெரிக்கப் பாஸ் படகு 20 அடி நீளம், 250 குதிரைத்திறன் இன்ஜின், உட்காரச் சுழல் நாற்காலி. நம் ஏரியில் மிதப்பது லாரி டியூபும் தெர்மாகோல் பலகையும். உண்மையைச் சொன்னால் விராலுக்குப் படகே தேவையில்லை, அது கரையோரத்து மீன். அப்படியும் இறங்கித்தான் ஆகவேண்டும் என்றால்: ஒற்றை டியூபில் போகாதீர்கள், இரண்டைச் சேர்த்துக் கட்டி நடுவே பலகை. தண்ணீருக்கு அடியில் சீமைக் கருவேலம் நிற்கும், அதன் முள் லாரி டயரையே பதம் பார்க்கும். தெர்மாகோலை உரச் சாக்கில் போட்டுத் தையுங்கள், இல்லையேல் உதிர்ந்து ஏரியெல்லாம் வெள்ளை மணிகள். நீச்சல் தெரிந்தவனுக்கும் லைஃப் ஜாக்கெட் வேண்டும், அல்லித் தண்டு காலைச் சுற்றினால் நீச்சல் உதவாது.

21. கார்பன் ராடு மின்சாரத்தைக் கடத்தும். பல ஏரிக்கரைகளுக்கு மேலே உயர் அழுத்தக் கம்பி போகிறது. ராடைத் தூக்கும் முன் ஒருமுறை மேலே பாருங்கள். இடி இடித்தால் ராடைக் கீழே போட்டுவிட்டு விலகுங்கள்.

22. பாலாற்றில் வெள்ளம் வர மழை இங்கே பெய்ய வேண்டியதில்லை. அது நந்தி மலையில் பிறந்து, கர்நாடகத்தையும் ஆந்திரத்தையும் தாண்டி வருகிறது. 1903 நவம்பரில் வாணியம்பாடியைச் சீரழித்த வெள்ளமும், 2021 நவம்பரில் நாம் கண்ணால் பார்த்த வெள்ளமும் மேலிருந்து வந்தவை. வானம் வெளுத்திருந்தாலும், தண்ணீர் கலங்கிச் செத்தை மிதந்து வரத் தொடங்கினால் மேடேறுங்கள். மணல் அள்ளிய பள்ளங்கள் வேறு, முழங்கால் ஆழம் என்று நினைத்து வைத்த அடுத்த கால் தலைக்கு மேல் போகும். ஏரி கோடி போகும்போது மீன் எதிரேறும், கைநிறையக் கிடைக்கும். பாசி படிந்த கலங்கல் கல்லில் மட்டும் ஏறாதீர்கள், ஓரத்து மண்கரை போதும்.

23. ஆப்பிரிக்கக் கெளுத்தி மாட்டினால் திருப்பி விடாதீர்கள். இந்த நாட்டில் அதை வளர்க்கவே தடை, ஆனாலும் ஏரி ஏரியாகப் பரவிவிட்டது, மற்ற மீனையெல்லாம் தின்னும். வேடிக்கை என்னவென்றால், அமெரிக்காவில் இந்த வில்லன் வேடம் விரால் சாதிக்கு. 2002-ல் மேரிலாந்து மாநிலத்துக் குளம் ஒன்றில் ஆசிய விரால் வகை ஒன்று இருப்பதைக் கண்டு, குளத்தில் மருந்து ஊற்றியே கொன்றார்கள். பிற்பாடு அதே வகை பொட்டோமாக் ஆற்றில் பரவியது. அங்கத்துப் பாஸ்காரர்கள் இப்போது நம்மைப் போலவே ரப்பர் தவளையைப் போட்டு அதைப் பிடிக்கிறார்கள். தெலங்கானாவிலோ அந்தச் சாதிக்கு மாநில மீன் அந்தஸ்து.

24. ராடைப் பேருந்தில் கொண்டுபோக இரண்டரை அங்குல பிவிசி குழாய், இரண்டு மூடி. இதற்குமுன் நான் துணிப்பையில் வைத்திருந்தபோது, ஒரு கூடைக்காரம்மா அதன்மேல் உட்கார்ந்தார்.

25. விராலை உயிரோடு கொண்டுவந்தால் மூடியில்லாத பாத்திரத்தில் வைக்காதீர்கள், ராத்திரி சமையலறையில் நடந்துகொண்டிருக்கும். வாய்வரை தண்ணீர் ஊற்றவும் வேண்டாம், மேலே காற்றுக்கு இடம் விட்டு, ஓட்டை போட்ட மூடிமேல் அம்மிக்குழவி. கழுவும்போது வழவழப்புப் போக அடுப்புச் சாம்பல், அது இல்லாதவர்களுக்குக் கல்லுப்பும் தேங்காய் நாரும். சேற்று வாசனை வந்தால் புளித்தண்ணீரிலோ மோரிலோ அரைமணி நேரம் ஊறட்டும், புளிப்புக்கு அந்த வாசனை உடையும். செவுளையும் ஈரலையும் பூனைக்குக்கூடப் போடாமல் புதைத்துவிடுகிறேன். காரணம் முதல் குறிப்பில் இருக்கிறது. குழம்புக்கு ஆம்பூர்ப் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் கத்தரிக்காயையே நாலு நறுக்கிப் போடுங்கள். என் வீட்டில் மீனுக்கு முன்னால் அதுதான் தீர்ந்துபோகிறது.